மாரிக்கு முன் ஒன்று, மாரிக்குப் பின் ஒன்று: கல்லடி மணலில் வீட்டுத்தோட்டம்

ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த மறுநாள் கல்லடியில் பல வளவுகளில் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். நிலம் நனைந்துவிட்டது, இனி நடலாம் என்று வெண்டி விதையும் கத்தரிக்கன்றும் வாங்கி வருவார்கள். கார்த்திகை நடுப்பகுதியில் அந்தப் பாத்தி தண்ணீருக்குள் நிற்கும். மார்கழியில் வேரழுகிய கன்றுகளைப் பிடுங்கி எறியும்போது, “இந்த மணலில் ஒன்றும் வராது” என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மணலில் வரும். இதே எழுவான்கரையில் தெற்கே களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம் பக்கம் பல தலைமுறைகளாக மணலில்தான் வெற்றிலையும் மிளகாயும் வெங்காயமும் கத்தரியும் செய்கிறார்கள். கல்லடி வளவுகளில் பெரும்பாலும் பிழைத்துப்போவது நாட்கணக்குத்தான். படுவான்கரை வயலுக்கு மழையோடு விதைப்பது சரி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணற்திட்டில் உள்ள வீட்டுத்தோட்டத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. இங்கே மாரித் தோட்டம் என்பது உண்மையில் இரண்டு தோட்டம்: மழைக்கு முன் வேரூன்ற வேண்டியது ஒன்று, மழை விட்டபின் தையில் தொடங்க வேண்டியது இன்னொன்று. நடுவில் வரும் இரண்டு மாதமும் நடுவதற்கல்ல, நட்டதைக் காப்பதற்கு.

ஏன் இது முக்கியம்

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி நாட்டின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்வதற்காக வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை அனுமதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 மே மாதத்தில், இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் திடீரென்று தடை விதிக்கப்பட்டு, நவம்பரில் விலக்கப்பட்டது. தம்புள்ளையிலிருந்து வரும் லொறியை நம்பியிருந்த பட்டினத்துக் குடும்பங்கள் வளவைத் திரும்பிப் பார்த்த காலம் அது.

எங்கள் பகுதிக்கு அது புதிதல்ல. யுத்த காலத்தில் வீதிகள் மூடப்பட்ட நாட்களில், படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து மரக்கறி வராத நாட்களில், வேலியில் நின்ற முருங்கையும் கொல்லையில் நின்ற மரவள்ளியும்தான் பல வீடுகளின் அடுப்பை எரிய வைத்தன. அந்த அனுபவத்தோடு சேர்ந்து ஓர் இழப்பும் நடந்தது. 1990இலும் 2006, 2007இலும் இடம்பெயர்ந்தவர்கள், 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டோடு உறவுகளையும் பறிகொடுத்தவர்கள், எந்த மாதத்தில் எதை நடுவது என்று அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் கேட்டுப் பழகும் வாய்ப்பை இழந்தார்கள். சாம்பல் போட்டுப் போத்தலில் வைத்திருந்த விதையும் போனது. நாவலடியிலிருந்து திராய்மடுவுக்குப் போனவர்களுக்கு நிலமே வேறு. ஆகவே இந்தக் கட்டுரை அந்தக் கணக்கை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறது.

மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்

கல்லடிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. கல்லடி உப்போடை என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் உப்புத்தன்மையுள்ள நீர் சூழ்ந்திருந்தும் கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதற்குக் காரணம் மழைதான். மணலுக்குள் இறங்கும் மழைநீர், கடல்நீரை விடப் பாரம் குறைந்தது. அதனால் அது அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. எங்கள் கிணறுகள் எல்லாம் அந்த மெல்லிய படையிலிருந்துதான் குடிக்கின்றன.

கரையோர நிலத்தடி நீருக்கு ஒரு பழைய விதி உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் பாரத்தால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்புநீர் தள்ளி வைக்கப்படும். ஒடுங்கிய மணற்திட்டில் அவ்வளவு ஆழம் கிடைக்காது. ஆனால் விதியின் மறுபக்கம் இங்கும் பொருந்தும்: மேலே சிறிது நீர் இறங்கினாலும் கீழே உப்பு நிறைய ஏறும். மோட்டரைப் போட்டு ஒரு மணித்தியாலம் தொடர்ந்து இறைத்தால், கிணற்றுக்கு நேர் அடியில் உப்புநீர் கூம்பு போல் மேலெழுகிறது.

சுனாமிக்குப் பின் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளைச் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்தார்கள். அந்த அனுபவம் சொன்ன பாடங்கள் இரண்டு. உப்பைக் கழுவியது பெரும்பாலும் மாரி மழைதான். கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தப்படுத்துவது, அளவு மீறினால் உப்பை மேலே இழுத்துவிடும்.

தோட்டக்காரருக்கு இதிலிருந்து கிடைக்கும் கணக்கு எளியது. ஆவணியில் கிணறு ஆண்டிலேயே மிகத் தாழ்ந்தும் உவர்த்தும் இருக்கும். தையில் அது நிறைந்தும் இனித்தும் இருக்கும். எனவே மழைக்கு முன் செய்யும் தோட்டம் சிறியதாக, வாளியால் தண்ணீர் ஊற்றக்கூடிய அளவில் இருக்க வேண்டும். பெரிய தோட்டத்தைத் தைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உன்னிச்சைக் குளத்துக் குழாய்நீர் வந்தபின் பலர் கிணற்றை மறந்துவிட்டார்கள். குழாய்நீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் மாதக் கட்டணம் மரக்கறிச் செலவை மிஞ்சிவிடக்கூடும். கிணற்றைத் துப்புரவாக வைத்திருப்பது தோட்டத்தின் முதல் வேலை. ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துப் பாருங்கள். நாக்கில் உப்புத் தெரிந்தால் அந்தத் தண்ணீரைப் போஞ்சி, பயற்றை நாற்றுகளுக்கு ஊற்ற வேண்டாம். அவரை இனங்களில் பலவும் உப்பைத் தாங்குவதில் பின்தங்கியவை.

மாதக் கணக்கு

மட்டக்களப்புக்கு ஆண்டில் 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதத்தில் கொட்டிவிடுகிறது. சூறாவளிக் காலமும் அதற்குள்தான். 1978இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி வந்தது நவம்பர் 23ஆம் திகதி. 2011இல் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து இரண்டு முறை வெள்ளம் வந்தது. ஆகவே கார்த்திகை, மார்கழியில் நிலத்தில் இளங்கன்று இருக்கக் கூடாது. அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

ஆவணி (ஓகஸ்ட் நடுப்பகுதி முதல்): நாற்றுமேடைக் காலம். கத்தரி, மிளகாய் விதைகளைப் போடுங்கள். கத்தரிக்கு 25 முதல் 30 நாள், மிளகாய்க்கு ஏறத்தாழ 30 நாள் மேடையில் இருக்க வேண்டும். வெண்டி, பயற்றை இரண்டையும் நாற்றிடத் தேவையில்லை. பாத்தியிலேயே நேரடியாக ஊன்றலாம். வெண்டி 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கும். ஆவணி இறுதியில் ஊன்றியது ஐப்பசியில் சட்டிக்கு வரும்.

புரட்டாதி: நாற்றுகளை உயர்பாத்திக்கு மாற்றுங்கள். மாதம் முடிவதற்குள் முடித்துவிட வேண்டும். பெருமழை வருமுன் நான்கைந்து வாரம் கிடைத்தால் வேர் இறங்கி, தண்டு தடித்துவிடும். கீரை, கங்குன் 25 முதல் 30 நாளில் அறுவடையாகும். இந்த மாதத்தில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை விதைத்துக்கொள்ளலாம்.

ஐப்பசி: புதிதாக எதையும் நட வேண்டாம். தடி நாட்டிக் கட்டுவது, வடிகால் வெட்டுவது, மூடாக்குப் போடுவது இந்த மாத வேலை.

கார்த்திகை, மார்கழி: காக்கும் காலம். மார்கழித் தொடக்கத்தில் கூரைத் தாழ்வாரத்தின் கீழ் தக்காளி நாற்றுப் போடுங்கள். தக்காளிக்குத் தொடர்மழை ஆகாது. பூ உதிரும், இலை கருகும்.

தை: இரண்டாவது தோட்டம். தக்காளி நாற்றை மாற்றுங்கள். பூசணி, பாகல், புடோல், பீர்க்கு, பயற்றை, வெண்டி எல்லாவற்றையும் ஊன்றுங்கள். கிணறு நிறைந்திருக்கும், வெயில் வந்திருக்கும், மண் கழுவப்பட்டிருக்கும். பங்குனி, சித்திரை வரை கறிக்குக் கடைக்குப் போவது குறையும்.

வளவைப் பார்த்தல்

நடுவதற்கு முன் போன வருடத்து வெள்ளத்தை ஞாபகப்படுத்துங்கள். தண்ணீர் எந்த மூலையில் முதலில் தேங்கியது, எந்தப் பக்கமாக வடிந்தது, சுவரில் எதுவரை அடையாளம் விட்டது? ஒரு தடியால் நிலத்தில் கோடு கீறுங்கள். கடைசியாக நனைந்த இடம்தான் உங்கள் முதல் பாத்தி. முதலில் நனைந்த இடத்துக்குக் கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை. அவை ஈரத்தை விரும்புபவை.

இரண்டாவது, காற்று. மாரியில் வாடைக்காற்று கடற்பக்கமிருந்து உப்புத்துமியைக் கொண்டுவரும். டச்பார், திருச்செந்தூர்ப் பக்கம் கரைக்கு அருகே இருப்பவர்கள் இதை இலை விளிம்பு கருகுவதில் காணலாம். கடற்பக்க வேலியில் கிளிசரியா அல்லது பூவரசு நாட்டுங்கள். அவை வளரும்வரை கிடுகோ பழைய சேலையோ கட்டினாலும் போதும். காற்றை முழுதாக மறிக்கும் தகரத்தைவிட, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் கிடுகு நல்லது. தகரத்தின் மேலால் ஏறும் காற்று மறுபக்கம் சுழன்று விழும்.

மூன்றாவது, மலசலகூடக் குழி. மணலில் கழிவுநீர் விரைவாக ஓடும். கிணறு குழியிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. சில பேர்ச்சஸ் காணி கொண்ட வீட்டுத் திட்டங்களில் அது கிடைப்பது அரிது. கிணற்றை மாற்ற முடியாவிட்டாலும் பாத்தியை மாற்றலாம். வல்லாரைச் சம்பல் போல் பச்சையாகச் சாப்பிடும் கீரையைக் குழிக்குக் கிட்ட வளர்க்க வேண்டாம். அங்கே வாழையும் முருங்கையும் நிற்கட்டும்.

நான்காவது, வெயில். மாரியில் வானம் மூடியே இருக்கும். தென்னையின் நிழல் வேறு விழுந்தால் கத்தரி இலை மட்டும் விடும். நாளுக்கு ஆறு மணித்தியால வெயில் படும் இடத்தைக் காய்களுக்கு விடுங்கள். நிழல் பட்ட இடம் கீரைக்கும் மூலிகைக்கும்.

உயர்பாத்தி

மூன்றடி அகலம், பத்தடி நீளம், ஓரடி உயரம். அகலம் மூன்றடிக்கு மேல் போனால் நடுவுக்குக் கை எட்டாது, பாத்தியில் ஏறி மிதிக்க வேண்டி வரும். ஓரத்துக்குத் தென்னங்குற்றி, செங்கல், நிமிர்த்தி நட்ட போத்தல், எது கிடைத்தாலும் சரி. அடியில் பொச்சுமட்டையை நார்ப்பக்கம் மேலே தெரிய அடுக்குங்கள். மட்டை தண்ணீரைப் பிடித்து வைக்கும். வெள்ளத்தில் காற்று போக வழியும் விடும். அதன்மேல் காய்ந்த இலை, பிறகு மேல்மணலோடு கூட்டெருவும் ஆறிய மாட்டெருவும் சேர்த்த கலவை. மணல் இரண்டு பங்கு என்றால் எரு ஒரு பங்காவது வேண்டும். கரியாக்கிய உமி கிடைத்தால் ஓரிரு வாளி சேருங்கள். கடையில் வாங்கும் தும்புத்தூளில் உப்பு இருக்கலாம். நல்ல தண்ணீரில் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே போடுங்கள். கடற்கரை மணலையோ வாவிச் சேற்றையோ அள்ளி வந்து போட வேண்டாம்.

மணலில் பசளை நிற்காது. ஒரேயடியாக யூரியா எறிந்தால் அடுத்த மழையில் அது வேரைக் கடந்து உங்கள் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். கற்பிட்டி மணற்பரப்பில் தீவிர விவசாயத்தால் நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் அதே கதை. வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு வழி போதும்: கிளிசரியா இலையும் மாட்டுச்சாணமும் ஒரு வாளியில் ஊறவைத்து, பத்து நாளுக்குப்பின் ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து, கிழமைக்கு ஒருமுறை வேரடியில் ஊற்றுவது. கொஞ்சமாக, அடிக்கடி என்பதே மணலுக்கான முறை.

நாற்றுமேடையில் மண் நோய் வராமலிருக்க விவசாயத் திணைக்களம் சொல்லும் பழைய வழி இன்னும் நல்லது. மேடைமேல் வைக்கோலும் உமியும் மாறி மாறி அடுக்கி எரித்து, ஆறியபின் விதைப்பது. வைக்கோல் கிடைக்காதவர்கள் மேடையை நனைத்து, தெளிவான பொலித்தீனால் மூடி, ஆவணி வெயிலில் மூன்று நான்கு கிழமை விடலாம்.

எதை, எவ்வளவு

நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நான்கு பாத்தியும் ஒரு வேலியும் போதும்.

முதல் பாத்தி, கத்தரி. இரண்டடி இடைவெளியில் எட்டு மரம். திருநெல்வேலி ஊதா போன்ற நாட்டு வர்க்கம் கிடைத்தால் விதை எடுத்து அடுத்த ஆண்டும் பாவிக்கலாம்.

இரண்டாம் பாத்தி, மிளகாய். ஒன்றரை அடி இடைவெளியில் பன்னிரண்டு கன்று. மகாஇலுப்பள்ளமவில் உருவான எம்.ஐ.2 பழகிய வர்க்கம்.

மூன்றாம் பாத்தி, வெண்டி. பத்து மரம் நின்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் பிடுங்கலாம். ஒரு நாள் பிந்தினாலும் முற்றிவிடும்.

நான்காம் பாத்தி, கீரைகள். ஆவணியில் முளைக்கீரை, புரட்டாதியில் கங்குன். தையில் இதே பாத்தி தக்காளிக்கு. வாடல் நோயை ஓரளவு தாங்கும் திலின வர்க்கம் நல்லது. கத்தரி நின்ற பாத்தியில் உடனே தக்காளி வைக்க வேண்டாம். இரண்டும் மிளகாயும் ஒரே குடும்பம். அதே நோய் மண்ணில் காத்திருக்கும்.

வேலியில் பயற்றை, பசளி, சிறகவரை. மூலையில் முருங்கை, மரவள்ளி. மரவள்ளித் தடியைப் பாத்தி உயர்த்தி நடுங்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும்.

விதை வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இது கலப்பினமா, விதை எடுக்கக்கூடியதா? கலப்பினம் இம்முறை நன்றாகக் காய்க்கும். அதன் விதையை மறுபடி போட்டால் தாயைப் போல் வராது. ஒவ்வொரு பருவமும் பொட்டலம் வாங்க முடியாத வீட்டுக்கு இந்த வேறுபாடு பெரியது. நன்றாகக் காய்த்த இரண்டு மரத்தில் முதல் நல்ல காயை முற்றவிட்டு, விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். பாதியை உறவினர் வீட்டில், மேட்டுநிலத்தில் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது. வீடு வெள்ளத்தில் போனாலும் விதை மிஞ்சும்.

மூலிகையும் வாசனைப் பயிரும்

இவற்றைச் சாக்கிலும் உரப்பையிலும் வையுங்கள். வெள்ளம் வரும்போது திண்ணையில் தூக்கி வைக்கலாம். இஞ்சி, மஞ்சள் இரண்டுக்கும் இது பொருந்தும். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மஞ்சள் விலை பல மடங்கு ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மஞ்சள் கிழங்காக எட்டு ஒன்பது மாதம் வேண்டும், பொறுமை தேவை.

கறிவேப்பிலையும் ரம்பையும் கிணற்றடியில் நிற்கட்டும். குளித்த தண்ணீர் அவற்றுக்குப் போதும். சவர்க்கார நுரை மட்டும் நேரே வேரில் விழாமல் வாய்க்காலைத் திருப்புங்கள். துளசி, கற்பூரவள்ளி, தூதுவளை, ஆடாதோடை மாரியின் சளி, இருமலுக்குக் கைகொடுப்பவை. தூதுவளை கொடி வேலியில் ஏறும். கற்பூரவள்ளி ஒரு கிளையை முறித்து ஊன்றினால் வந்துவிடும், ஆனால் அதிக ஈரத்தில் அழுகும்.

ஓர் எச்சரிக்கை. மாரிதான் மட்டக்களப்பில் டெங்குக் காலமும். சிரட்டை, பூச்சாடித் தட்டு, மட்டைக் குழி, போத்தல் மூடி என்று தோட்டத்தில் தண்ணீர் தேங்கும் இடங்களைக் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் மூலிகைக் கசாயத்தோடு வீட்டில் இருக்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

மழை நடுவில்

உன்னிச்சை, நவகிரி குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்ட செய்தி வந்தால் வாவி ஏறப்போகிறது என்று பொருள். முகத்துவாரம் வெட்டி விடும்வரை தண்ணீர் வடிவது தாமதமாகும். அந்தச் செய்தி கேட்ட அன்றே சாக்குகளைத் தூக்குங்கள், முற்றிய காயைப் பிடுங்குங்கள், வடிகாலில் அடைத்த குப்பையை இழுத்து விடுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் ஈரப் பாத்தியில் கால் வைக்க வேண்டாம். மணல் இறுகாவிட்டாலும் வேர் அறும். சாய்ந்த மரத்தை நிமிர்த்தித் தடியில் கட்டுங்கள். அழுகியதை வேரோடு பிடுங்கிப் பாத்திக்கு வெளியே புதையுங்கள். வெள்ளநீர் மலசலகூடக் குழிகளைத் தொட்டு வந்திருக்கும் என்பதால், நனைந்த கீரையைப் பறித்து எறிந்துவிட்டுப் புதிய துளிருக்குக் காத்திருப்பதே பாதுகாப்பு. காய்களை நன்கு கழுவிச் சமைத்தே உண்ண வேண்டும். கிணற்றுக்குக் குளோரின் இடுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

ஈரத்தில் நத்தை பெருகும். மாலையில் டோர்ச் பிடித்துக் கையால் பொறுக்குவதே உறுதியான வழி. இலைப் பேனுக்கும் வெள்ளை ஈக்கும் இடித்த வேப்பங்கொட்டையை இரவு முழுக்க ஊறவைத்து வடித்துத் தெளிக்கலாம். மழை கழுவிவிடும் என்பதால் வெயில் வந்த நாளில் தெளியுங்கள்.

தோட்டம் எதைத் தரும், எதைத் தராது

நான்கு பாத்தி குடும்பத்தின் சோற்றுக்கு வழி செய்யாது. அரிசி, பருப்பு, பால்மா, நுண்கடன் தவணை எல்லாம் அப்படியே இருக்கும். அது தருவது கீரையும் காயும் மிளகாயும், பிள்ளைகளின் தட்டில் பச்சை நிறமும், கடைக்குப் போகாத சில நாட்களும். தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு, காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலையும் தாய்மாருக்கு, இதில் இன்னொரு வேலைச்சுமையும் இருக்கிறது. நாற்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு விதையுங்கள். ஆள் இல்லையென்றால் ஒரு பாத்தியோடு நிறுத்துங்கள்.

வீட்டுத்தோட்டத்தை வாழ்வாதார உதவியாகக் கொடுக்கும் நிறுவனங்களிடமும் திணைக்களங்களிடமும் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. விதைப் பொட்டலம் எந்தத் திகதியில் கைக்கு வரும்? கார்த்திகையில் கொடுக்கப்படும் கத்தரி விதை, கணக்கு அறிக்கையில் ஒரு பயனாளியைக் காட்டும். வளவில் ஒன்றையும் காட்டாது. ஆவணியில் விதை, புரட்டாதியில் எரு, தையில் இரண்டாவது பொட்டலம் என்று கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் எழுத்தில் கேட்கலாம். கேட்பதற்கு உரிமையும் காரணமும் இருக்கின்றன.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: கிணற்றுத் தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். போன வருட வெள்ளக் கோட்டை வளவில் கீறுங்கள். பொச்சுமட்டையைச் சேர்க்கத் தொடங்குங்கள். ஒரு பழைய தாச்சியிலோ பெட்டியிலோ மண் நிரப்பி, கத்தரியும் மிளகாயும் ஒரு பிடி விதையுங்கள். பயிரில் சந்தேகம் வந்தால் அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். புரட்டாதி முடிவதற்குள் நாற்று பாத்தியில் நிற்க வேண்டும்.